பள்ளி ஓடுதளத்தில் ஊர்க்காரர்கள் ஓடலாமா?

கடலூரில் நீங்களும் உங்களுடன் ஓடும் பதினெட்டுப் பேரும் இரண்டு ஆண்டுகளாக வீட்டருகே உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியின் மைதானத்தில் காலை ஐந்து மணிக்கு ஓடி வந்திருக்கிறீர்கள். இந்த ஆண்டு புதிதாக வந்த தலைமையாசிரியர் வாயிலைப் பூட்டிவிட்டார். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியின் ஓடுதளத்தில் ஓட மக்களுக்கு உரிமை இல்லையா, இல்லையென்றால் யாரிடம் முறையிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கடலூர் மாவட்டப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராகவும் பின்னர் உடற்கல்வி இயக்குநராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது புதுச்சேரியில் குடியிருக்கிறேன், இன்றும் வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். ஆகவே பூட்டிய வாயிலுக்கு உள்ளேயும் இருந்திருக்கிறேன், வெளியே நின்று சாவிக்காகக் காத்தும் இருந்திருக்கிறேன். சட்டப்படி உங்களுக்கு அந்த உரிமை கிடையாது. இருந்தாலும் அந்த மைதானம் உங்களுக்குத் திறக்கப்பட வேண்டும் என்றே நான் கருதுகிறேன். காலை ஐந்து மணிக்குச் சாவி யார் கையில் இருக்கும், அன்று ஏதேனும் நடந்தால் யார் பதில் சொல்வார் என்ற இரண்டையும் தீர்மானித்துக்கொண்டு போய்க் கேட்டால் அது பெரும்பாலும் திறக்கவும் செய்யும்.

முதலில் உரிமையைப் பற்றி. அரசுக்குச் சொந்தமான இடமெல்லாம் பொது இடம் ஆகிவிடாது. தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரையில் நடப்பதற்கு நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பள்ளி வளாகம் அப்படிப்பட்டதன்று. அது பிள்ளைகளின் படிப்புக்காக ஒதுக்கப்பட்ட இடம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தீர்களானால், ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு இருக்க வேண்டியவை என்று சொல்லும் இடத்தில் விளையாட்டு மைதானமும் இருக்கிறது, அதற்கு அடுத்தபடியாகவே சுற்றுச்சுவர் அல்லது வேலியும் இருக்கிறது. மைதானம் வேண்டும் என்று சொன்ன அதே சட்டம் அதைச் சுற்றி அடைப்பும் வேண்டும் என்று சொல்லியிருப்பதால், வாயிலைப் பூட்டிய தலைமையாசிரியர் தம் கடமைக்குப் புறம்பாக எதையும் செய்துவிடவில்லை. இதை நீங்கள் மனத்தில் வாங்கிக்கொண்டு போனால்தான் அவருடன் பேச்சே தொடங்கும்.

மறுபுறம், பள்ளியின் இடத்தை ஊர் பயன்படுத்தவே கூடாது என்று எனக்குத் தெரிந்து எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தேர்தலுக்கு வாக்குச்சாவடி பள்ளியில்தான். புயலும் வெள்ளமும் வந்தால் நிவாரண முகாம் பள்ளியில்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோதும், 2015 வெள்ளத்தின்போதும் இந்த மாவட்டத்து மக்கள் பள்ளிக் கூரைகளின் கீழ்தான் ஒதுங்கினார்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைகூட, பள்ளி நேரம் போக மிஞ்சும் நேரத்தில் பள்ளியின் கட்டமைப்பை ஊர்ச் சமூகம் பயன்படுத்தலாம் என்று தன் 7.12ஆம் பத்தியில் சொல்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பதால் கடலூரில் அதை மேற்கோள் காட்டிப் பயனில்லை. ஆனாலும் பள்ளி என்பது ஊருக்கும் உரியது என்ற எண்ணம் அந்தக் கொள்கையால் வந்ததன்று, நம் ஊர்களில் காலங்காலமாக இருப்பதுதான்.

இனி, தலைமையாசிரியர் ஏன் பூட்டினார் என்பதைப் பார்ப்போம். உங்களைப் பிடிக்காமல் பூட்டியிருக்க மாட்டார். வாயில் ஐந்து மணிக்குத் திறந்திருந்தால் உங்கள் பத்தொன்பது பேரோடு அது நிற்பதில்லை. அரை மணி நேரம் கழித்து மட்டையும் பந்துமாகப் பத்து இளைஞர்கள் வருவார்கள், அவர்களுடைய பந்து ஆய்வகத்தின் கண்ணாடியை உடைக்கும். யாரோ குடிநீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் போவார்கள். முந்தைய இரவு சுவரேறிக் குதித்தவர்கள் உடைத்த பாட்டில் துண்டுகள் நீளம் தாண்டும் மணற்குழியில் கிடக்கும். எட்டரை மணிக்குப் பெற்றோர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு நேரே தலைமையாசிரியரின் அறைக்குத்தான் வருவார். குழந்தைகளின் பாதுகாப்புக்கான போக்சோ சட்டம் 2012இல் வந்த பிறகு, முன்பின் தெரியாத பெரியவர்கள் வளாகத்துக்குள் நடமாடுவதைப் பள்ளிகள் முன்போல எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளவும் கூடாது. இவை போதாதென்று, 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் நுழையாதபடி கல்வி நிலையங்களை வேலியும் வாயிலும் போட்டுப் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. காலையில் ஓட்டக்காரர் ஒருவர் திறந்து வைத்த வாயில் வழியே நாய் ஒன்று உள்ளே போய்ப் பிள்ளையைக் கடித்துவிட்டால், கேள்வி கேட்கப்படுபவர் ஓட்டக்காரர் அல்லர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு இதுவரை இருந்தது பழைய தலைமையாசிரியரின் வாய்ச்சொல் மட்டும்தான். பணிமாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு பள்ளிக்குப் போனதும் அந்தச் சொல்லும் அவரோடு போய்விட்டது. புதிதாக வந்தவர் பொறுப்பேற்ற முதல் வாரம் மேசையில் தேடினால் உங்களைப் பற்றி ஒரு வரிகூடக் கோப்பில் இருக்காது. இரவுக் காவலர் "அவங்க ரொம்ப நாளா வர்றாங்க சார்" என்று சொல்லியிருப்பார். அவ்வளவுதான் உங்களுக்கு இருந்த சான்று.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இதே போன்று வாயில் மூடப்பட்டதை அருகிலிருந்து பார்த்தேன். அங்கே இருந்தது 200 மீட்டர் மண் ஓடுதளம். ஆறு தடங்கள், ஒவ்வோர் ஆண்டும் செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவோம். காலையில் ஓட வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். வங்கியில் வேலை பார்ப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், ஒரு மருத்துவரும் இருந்தார். ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் மண் இன்னும் குழைவாகவே இருந்தது. ஒரு வாரம் ஓடாமல் இருந்த ஆவலில் அவர்கள் எல்லாருமே உள்தடத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டார்கள். அடுத்த நான்கு நாள் நல்ல வெயில். நான் போய்ப் பார்த்தபோது முதல் தடம் முழுவதும் குதிகால் பதிந்த குழிகள் சுட்ட செங்கல் போல இறுகிக் கிடந்தன. குழியின் ஓரம் விரலில் குத்தும் அளவுக்குக் கூர்மையாக இருந்தது. எங்கள் பிள்ளைகளில் பாதிக்குமேல் வெறுங்காலில் ஓடுபவர்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி 200 மீட்டர் பயிற்சியில் வளைவில் திரும்பும்போது அந்தக் குழியில் கால் மடங்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, கணுக்கால் வீங்கியது. ஆனால் அந்த ஆண்டு அவளால் எந்தப் போட்டிக்கும் போக முடியவில்லை. அவளுக்குக் குறுவட்டப் போட்டியில் முதலிடம் பிடிக்கும் வேகம் இருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் அவளுடைய அப்பா எழுந்து, சத்தம் போடாமல், "பெரியவங்க ஓடறதுக்கு ரோடு இருக்கு சார், என் புள்ளைக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்றார். அன்றோடு வாயில் மூடியது. ஓட வந்தவர்களுக்கு அது ஏன் என்று பல நாள் தெரியவே இல்லை; யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அந்த அப்பா சொன்னதில் பாதி சரி. பெரியவர்களுக்குச் சாலை இருக்கிறது என்ற பாதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஐந்து மணி இருட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகளும் மீன் ஏற்றிய வண்டிகளும் போகும் வேகத்தில் ஓரத்தில் ஓடுவது உயிரைப் பணயம் வைப்பது. கடற்கரை மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும்; ஒரே பக்கமாக நெடுந்தூரம் ஓடினால் ஒரு கால் தாழ்ந்து இடுப்பும் முழங்காலும் வலியெடுக்கும். தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது நல்ல காரியம், ஆனால் அது நடப்பவர்களுக்கானது. பெண்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் பெரியது. நான்கு சுவருக்குள், தெரிந்த முகங்களுக்கு நடுவே ஓடக் கிடைத்தால் வரும் பெண்கள், இருட்டுச் சாலை என்றால் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வளர்ந்தவர் ஒருவருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலுழைப்போ வேண்டும். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில், பள்ளி மைதானம் தினமும் விடியற்காலையில் இரண்டு மணி நேரம் வெறுமையாகக் கிடக்கிறது.

ஆகவே கேட்க வேண்டும். ஆனால் என்ன கேட்கிறோம் என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

நேரத்திலிருந்து தொடங்குங்கள். ஐந்து மணி முதல் ஆறு மணி வரை என்று கேளுங்கள், அதிகம் போனால் ஆறே கால். ஆறு மணிக்குமேல் பல பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் தம் அணியைப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருப்பார். பிள்ளைகளும் வெளிப் பெரியவர்களும் ஒரே நேரத்தில் மைதானத்தில் இருக்கக் கூடாது என்பதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்களும் அதை நிபந்தனையாக நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். மாலை நேரத்தைக் கேட்கவே வேண்டாம், அது முழுவதும் பிள்ளைகளுடையது. மைதானத்தில் கைப்பேசியால் படம் எடுப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் பிள்ளைகளே இல்லையென்றாலும் அந்த ஒரு வரி பெற்றோருக்குத் தரும் நிம்மதி பெரிது.

அடுத்து, ஆண்டின் நாட்கள். ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் குழுவுக்கு நீண்ட ஓட்டத்தின் நாள் என்று எனக்குத் தெரியும். அதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அரசுப் பணித் தேர்வுகளும் நுழைவுத் தேர்வுகளும் அதே பள்ளியில் நடக்கும். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. அப்போது பள்ளி தேர்வு மையமாக இருந்தால் காவலர் நிற்பார், யாரும் உள்ளே நுழையக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. தேர்தல் வந்தால் முதல் நாளும் மறுநாளும் போச்சு. இவற்றையெல்லாம் கழித்துவிட்டு, இன்னின்ன நாட்களில் நாங்கள் வரமாட்டோம் என்று நீங்களே பட்டியல் போட்டுக் கொடுத்தால், தலைமையாசிரியருக்கு உங்களை மறுக்கும் காரணங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி மழை பெய்த மண் ஓடுதளத்துக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்தாலும் போதாது. ஈரத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கட்டைவிரலைத் தடத்தில் பலமாக ஊன்றி எடுங்கள். விரல் பள்ளம் நின்றால் அன்று ஓடக் கூடாது. மேல்மண் பொடியாக உதிர்ந்து, அடியில் இறுக்கமாக இருந்தால் ஓடலாம்.

தடத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஓட்டக்குழுக்கள் தவறு செய்வது இங்கேதான். எல்லாரும் முதல் தடத்திலேயே ஓடுவார்கள், தூரக் கணக்கு எளிது என்பதால். மண் ஓடுதளத்தில் ஆறு மாதம் பத்தொன்பது பேர் முதல் தடத்தில் ஓடினால் அது வாய்க்கால் போலப் பள்ளமாகிவிடும்; மழை பெய்தால் அங்கேதான் தண்ணீர் நிற்கும். பள்ளிப் போட்டியில் முதல் தடம் விழுந்த பிள்ளை பாவம். ஆகவே நான்காம் தடத்திலும் அதற்கு வெளியேயும்தான் ஓடுவோம் என்று முடிவு செய்யுங்கள். கணக்கும் கடினமில்லை. தடம் ஒன்றின் அகலம் 1.22 மீட்டர். வெளியே ஒரு தடம் நகர்ந்தால் சுற்றுக்கு ஏழரை மீட்டருக்குச் சற்று அதிகம் கூடும். அந்தக் கூடுதல் 200 மீட்டர் ஓடுதளத்திலும் 400 மீட்டர் ஓடுதளத்திலும் ஒன்றுதான், ஏனென்றால் அது வளைவின் அளவைப் பொறுத்ததன்று, தடத்தின் அகலத்தை மட்டும் பொறுத்தது. ஆகவே 200 மீட்டர் ஓடுதளத்தின் நான்காம் தடத்தில் ஒரு சுற்று ஏறத்தாழ 223 மீட்டர். ஒன்பது சுற்று ஓடினால் இரண்டு கிலோமீட்டரும் சில மீட்டரும் ஆகிவிடும். 400 மீட்டர் ஓடுதளத்தின் எட்டாம் தடத்தில் ஒரு சுற்று 453 மீட்டர், பதினோரு சுற்று ஓடினால் ஐந்து கிலோமீட்டருக்குப் பதினேழு மீட்டர்தான் குறையும். கைக்கடிகாரத்தின் ஜி.பி.எஸ். காட்டும் எண்ணை ஓடுதளத்தில் நம்பாதீர்கள், வளைவுகளில் அது தவறும். சுற்றை எண்ணுங்கள். உள்தடத்தில் வேகப் பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்றால் வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் நன்றாகக் காய்ந்த தரையில் மட்டும்.

செயற்கை இழை ஓடுதளம் இருக்கும் இடம் என்றால் கவலை வேறு. அதன் கனம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர்தான். நீண்ட ஆணி வைத்த ஸ்பைக் காலணியும், சைக்கிள் சக்கரமும், மேலே இழுத்த நாற்காலியும்தான் அதைக் கிழிப்பவை. சாதாரண ஓட்டக் காலணி அதற்குப் பெரிய கேடு செய்யாது.

இப்போது சாவிக்கு வருகிறேன். சாவி இரவுக் காவலரிடம் இருக்கட்டும், உங்களிடம் வேண்டாம். பல பள்ளிகளில் இரவுக் காவலர் என்று ஒருவர் இல்லவே இல்லை. அப்படியானால் குழுவில் இருவர் பெயரில் மட்டும் சாவி வாங்கிக்கொள்ளுங்கள், ஒருவர் இல்லாத நாளில் இன்னொருவர். பெரிய வாயிலைத் திறக்காமல், அதிலுள்ள சிறு கதவான திட்டிவாசல் வழியாக உள்ளே போய், உட்புறம் தாழ் போட்டுவிட்டு ஓடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து வருபவர் ஒவ்வொருவரும் பெயரும் வந்த நேரமும் போன நேரமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பார்த்தால் அற்பமாகத் தோன்றும் இந்த நோட்டுதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். நான் பணியாற்றிய இன்னொரு பள்ளியில், ஓர் ஞாயிறு இரவு கணினி அறையின் பூட்டு உடைக்கப்பட்டபோது, காலை ஓட்டக்காரர்கள்தான் என்று பேச்சு கிளம்பியது. திங்கட்கிழமை காலை 5.12க்கு உள்ளே நுழைந்தவர் நோட்டில் தம் பெயருக்குப் பக்கத்தில் "கம்ப்யூட்டர் ரூம் பூட்டு உடைந்து கிடக்கிறது, வாட்ச்மேனிடம் சொல்லியாயிற்று" என்று எழுதி வைத்திருந்தார். அந்த ஒற்றை வரியோடு பேச்சு அடங்கியது. அதற்குப் பிறகு அந்தக் குழுவைப் பள்ளி தன் காவலாகவே நினைக்கத் தொடங்கியது.

ஓடுபவர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், ஓடும்போது நெஞ்சு வலி வந்து விழுந்தால் என்ன செய்வது என்பதையும் கடிதத்தில் சொல்லுங்கள். தத்தம் உடல்நலத்துக்குத் தாமே பொறுப்பு என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ் உள்ளே வர வேண்டுமானால் பெரிய வாயிலின் சாவி எங்கே இருக்கிறது என்பது ஓடும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குழுவில் குறைந்தது மூன்று பேராவது மார்பை அழுத்தி உயிர் மீட்கும் முதலுதவியைக் கற்றுக்கொள்ளுங்கள்.

யாரிடம் கொடுப்பது? மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் மனுக் கொடுக்கலாமா என்று உங்கள் நண்பர் ஒருவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை முதலில் செய்யாதீர்கள். அந்த மனு முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக அதே தலைமையாசிரியரின் மேசைக்கே விளக்கம் கேட்டு வந்து சேரும். தம்மீது புகார் போயிருக்கிறது என்று நினைக்கும் ஒருவர், பாதுகாப்புக் காரணங்களால் இயலாது என்று ஒரு வரி எழுதிவிடுவார், அது கோப்பில் நிரந்தரமாக இருக்கும். முதலில் உடற்கல்வி ஆசிரியரைப் பாருங்கள். மைதானத்தின் வலி அவருக்குத்தான் தெரியும், அவர் ஒப்புக்கொண்டால் தலைமையாசிரியரிடம் பாதி வழி போய்விட்டீர்கள். பிறகு தலைமையாசிரியரிடம் கடிதம். அந்தக் கடிதத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கும்படி கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். தலைமையாசிரியர் ஒருவராகத் தலையில் சுமக்க அஞ்சும் முடிவை அந்தக் குழு தீர்மானமாக எடுத்தால் அவர் நிம்மதியாகக் கையெழுத்திடுவார்; அவர் மாறிப் போனாலும் தீர்மானம் அங்கேயே இருக்கும். அனுமதி ஆறு மாதத்துக்கு மட்டும் போதும், பிறகு குழு மறுபடியும் பார்த்து முடிவு செய்யட்டும் என்று நீங்களே எழுதுங்கள்.

பள்ளி யாருடையது என்பதையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். கடலூர் 2021இல் மாநகராட்சி ஆயிற்று. மாநகராட்சிப் பள்ளி என்றால் இடம் மாநகராட்சியினுடையது, அங்கே ஒரு கடிதம் போக வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி என்றால் நிலம் நிர்வாகத்துக்குச் சொந்தம், தாளாளர்தான் முடிவு செய்வார். புதுச்சேரியில் அரசுப் பள்ளிகள் பள்ளிக் கல்வி இயக்ககத்தின் கீழ் இருப்பதால், பள்ளித் தலைமையின் பரிந்துரையோடு இயக்ககத்துக்கே கடிதம் போவது நல்லது. புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகளை விடுவதில்லை. லாஸ்பேட்டை ஹெலிபேடு மைதானத்தில் விடியுமுன்பே நடப்பவர்கள் கூடிவிடுவார்கள். பிப்ரவரியில் நடக்கும் ஆரோவில் மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர்கள் செம்மண் காட்டுப்பாதைகளையே நாடுகிறார்கள். உங்கள் ஊரிலும் அண்ணா விளையாட்டரங்கமும் மஞ்சை நகர் மைதானமும் இருக்கின்றன. அங்கே போக முடிந்தவர்கள் போகட்டும். முதுநகரிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ இருப்பவர் ஓட்டத்துக்கு முன்பே வண்டி ஓட்டிக்கொண்டு அங்கே போக வேண்டியிருப்பதால்தான் வீட்டருகே உள்ள பள்ளி மைதானம் வேண்டியிருக்கிறது.

பணம் பற்றி ஒரு சொல். மாத வாடகை கொடுக்கிறோம் என்று பேசாதீர்கள், அது தலைமையாசிரியரைத் தணிக்கையில் மாட்டிவிடும். ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருட்களுக்காக ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுக்குக் கிடைப்பது 25,000 ரூபாய் வரைதான். அதில் பந்தும் வலையும் ஈட்டியும் வாங்கியது போக மைதானத்துக்கு மிஞ்சுவது சொற்பம். நீங்கள் ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு லோடு செம்மண்ணும் சுண்ணாம்புத் தூளும் பொருளாகவே வாங்கிக் கொடுத்து, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய தொகை என்றால் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' அமைப்பின் வழியாகக் கொடுக்கலாம். பணத்தைவிட உழைப்பு நெருக்கமானது. மழை முடிந்து மார்கழியில் மைதானம் முழுவதும் நெருஞ்சி படரும். மஞ்சள் பூவாக அழகாகத்தான் இருக்கும், காய் முற்றிவிட்டால் வெறுங்காலில் ஓடும் பிள்ளைக்கு ஒவ்வோர் அடியும் முள். பூக்கும் பருவத்திலேயே வேரோடு பிடுங்க வேண்டும், காய் உதிர்ந்துவிட்டால் அடுத்த ஆண்டும் அது அங்கேயே முளைக்கும். பத்தொன்பது பேர் இரண்டு ஞாயிறு குனிந்து பிடுங்கினால் ஒரு மைதானம் சுத்தமாகிவிடும். மணற்குழியைச் சலித்துக் கண்ணாடித் துண்டுகளை எடுப்பதையும் உங்கள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் கேள்வியில் நீங்கள் குறிப்பிடாத சிலரைப் பற்றி. நீங்கள் ஓடிய அதே மைதானத்தில் காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் தயாராகும் இளைஞர்கள் கட்டாயம் ஓடியிருப்பார்கள், இந்த மாவட்டத்தில் அப்படி ஓடாத மைதானமே இல்லை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். இராணுவ ஆள்சேர்ப்பில் 1,600 மீட்டர் ஓட்டம். அளந்த ஓடுதளம் இல்லாமல் இதற்குப் பயிற்சி எடுக்கவே முடியாது. உங்களுக்கு ஓட்டம் உடல்நலம், அவர்களுக்கு அது வேலை. வாயில் மூடியதில் உங்களைவிட அதிகம் இழந்தவர்கள் அவர்கள்தான், ஆனால் தலைமையாசிரியரிடம் கடிதம் எழுதிக்கொண்டு போகும் துணிவும் பழக்கமும் அவர்களில் பலருக்கு இருக்காது. நீங்கள் எழுதும் கடிதத்தில் அவர்களுடைய பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோட்டில் அவர்களும் கையெழுத்திடட்டும், நெருஞ்சி பிடுங்க அவர்களும் வரட்டும், விதிகள் அவர்களுக்கும் பொருந்தட்டும். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு உங்கள் குழுவுக்கு மட்டும் அனுமதி வாங்கினால், ஒரு மாதத்துக்குள் அவர்கள் சுவரேறிக் குதிப்பார்கள், மறுபடியும் உங்கள் வாயிலும் மூடப்படும். கடிதத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள், கொடுக்கும் முன் ஒரு முறை படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.